கடைச் சரக்கு மருந்தில் சேராது

அக்டோபர் 9, திங்கள்

செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டேன். மற்ற பாடங்கள் எல்லாம் பாஸ். நோயாளியைக் கேட்டு விசாரிக்கும் அந்த ஒன்று மட்டும் போயிற்று.

எப்படிப் போயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன். தேர்வாளர் பிட்டிங் எடிமா என்றால் என்ன என்று கேட்டார். நான் நீர் பிரிக்கும் மாத்திரை, ஃப்ரூசமைடு நாற்பது, காலையில் ஒன்று என்றேன். என்ன என்றுதான் கேட்டேன், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்கவில்லை என்றார். அடுத்து டிஸ்ப்னியா. நான் இன்ஹேலர் பெயரைச் சொன்னேன். மூன்றாவது கேள்வியை அவர் முடிப்பதற்குள் இருமல் மருந்தில் மூன்று வகை சொல்லிவிட்டேன். கூட இருந்த எங்கள் வகுப்பு மேடம் தலையைக் குனிந்துகொண்டார். பதினான்கு வருடம் கடையில் நின்ற பழக்கம். ஆள் வாயைத் திறக்கும்போதே கை ரேக்குக்குப் போய்விடும்.

டைரி என்றால் முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் போலிருக்கிறது. நாகரத்தினம், வயது நாற்பத்தாறு, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் வாசலில் மெடிக்கல் கடை. கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் வீட்டுக்காரர் திருப்பூர் போனார், திரும்பவில்லை. அந்த விஷயம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, பிறகு மொத்தக் கடையில் பெட்டி சுமந்து, பிறகு இந்தக் கடை. டைரி ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை காலி. அதை வீணாக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மறுதேர்வு நவம்பர் 29.

சாயங்காலம் வரதன் சார் வந்தார். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அவருடைய மருந்தாளுநர் சான்றிதழ். அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டப்படி கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் கடையில் இருக்க வேண்டும். அவர் இருப்பது சாயங்காலம் ஒரு மணி நேரம், அதுவும் காபி குடிக்க. சான்றிதழ் அவருடையது, கால்வலி என்னுடையது. அதற்காகத்தான் இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு டி.பார்ம் படிக்கப் போனேன். என் சுவரில் என் பெயர் இருக்க வேண்டும்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இங்க பாரு ரத்தினம். டிசம்பரோட நான் விலகிக்கிறேன். என் மருமகன் இந்த இடத்தக் கேக்கிறான். நீ மறுபடி பெயிலானா ரேக், பிரிட்ஜோட அவனுக்கு விட்டுரு. பாஸாயிட்டேன்னா உன் பேரு பதிவாகிற வரைக்கும் என் சர்டிபிகேட் இங்கயே தொங்கும். சரியா?"

சரி என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யோசித்தால் பயம் வரும்.

அக்டோபர் 10, செவ்வாய்

பிரிட்ஜ் சத்தம் போடுகிறது. மெக்கானிக்கை வரச் சொன்னேன். தேர்வு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 12, வியாழன்

மறுதேர்வுக்காரர்களுக்கு வியாழன்தோறும் வகுப்பு உண்டு. காலேஜில் எங்கள் வகுப்பு மூன்றாம் மாடி. யார் கட்டிய படிக்கட்டோ, ஒவ்வொரு படியும் முக்கால் அடி உயரம். இரண்டாம் மாடியில் நின்று அறிவிப்புப் பலகையை முழுவதும் படித்துவிட்டுத்தான் மேலே போனேன். அதில் படிக்க ஒன்றுமில்லை.

வகுப்பில் இரண்டே பேர், நானும் ரிஸ்வானாவும். இருபது வயது. எங்கள் ஊர்தான், ரயில்வே கேட் பக்கம் அவளுடைய அத்தா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எழுத்துத் தேர்வில் முதல் மார்க் இந்தப் பெண். அவள் எப்படித் தோற்றாள் என்று புரியாமல் கேட்டேன்.

நோயாளி மாதிரி ஒருவரை உட்காரவைத்து விசாரிக்கச் சொன்னார்களாம். வாயே வரவில்லையாம்.

"உனக்கு எத்தன வார்த்தடி தெரியும்?" என்றேன்.

"எல்லாந் தெரியும்க்கா. ஆளப் பாத்தாத்தான் ஒன்னுந் தெரிய மாட்டேங்குது."

பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டோம். அவள் எனக்கு வார்த்தை சொல்லித் தர வேண்டும், நான் அவளுக்குப் பேச்சு. இடம் என் கடை. ஞாயிறும், மற்ற நாளில் முடிந்தபோது மத்தியானமும். யாரும் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. டீ என் செலவு.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்றைக்கு சைனும் சிம்ப்டமும். மேடம் நாலு தடவை சொல்லியும் எனக்கு இரண்டும் குழம்பும். ரிஸ்வானா புத்தகத்தில் இருந்தபடி ஒப்பித்தாள். எனக்கு ஏறவில்லை. பிறகு நானே வழி கண்டுபிடித்தேன். தக்காளி கொண்டு வருகிறவன், காலையில் பறித்தது அக்கா, கல்லு மாதிரி இருக்கு என்பான். அது சிம்ப்டம். வாங்குகிறவன் கிரேட்டின் அடியில் கையை விட்டு எடுத்துப் பார்ப்பானே, அது சைன். நோயாளி சொல்வது ஒன்று, நம் கண்ணும் கையும் காண்பது ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

ரிஸ்வானா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். தக்காளி என்று தேர்வில் எழுதிவிடாதே என்றேன். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அக்யூட் என்றால் திடீரென்று வந்தது. க்ரானிக் என்றால் குடியேறிவிட்டது.

செருப்பு இறுக்குகிறது. ரப்பர் செருப்பு வெயிலில் சுருங்கும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன்.

அக்டோபர் 19, வியாழன்

சீஃப் கம்ப்ளெய்ண்ட் என்று ஒன்று. ஆள் எதற்காக வந்தாரோ அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டுமாம். அவர் நெஞ்சு கரிக்குது என்றால் நெஞ்சு கரிக்குது. அதை நாம் அசிடிட்டி என்று திருத்தினால் மார்க் போச்சு. இது எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் தடவையாக ஒரு பாடத்தில், வாடிக்கையாளர் சொன்னது சொன்னபடி நிற்கிறது.

அதற்குப் பிறகு வரிசை. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நாள், எங்கே, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, முன்னால் என்ன நோய், ஒவ்வாமை உண்டா, இப்போது என்ன மருந்து. வரிசையை விரலில் எண்ணி வைத்திருக்கிறேன். கடைசி விரலில் எப்போதும் மருந்து விட்டுப்போகிறது. ரிஸ்வானாவுக்கு அது ஆச்சரியம். மருந்துக் கடைக்காரருக்கு மருந்துக் கேள்வி எப்படி மறக்கும் என்கிறாள்.

முழங்கால் இன்று மோசம். பிஸ்கட் டின்னில் இருந்து இரண்டு எடுத்தேன். இந்த டின் கதை கடை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் புரியும். அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தால் மீதி ஆறு நிற்கும். வெட்டிய அட்டையைக் கம்பெனி திருப்பி எடுக்காது. தேதி நெருங்கினால் குப்பைதான். நான் குப்பையில் போட மாட்டேன். வலி மாத்திரை மீதி எல்லாம் டின்னுக்குப் போகும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நிற்கிற நாள் அதிகமானால் இன்னொன்று. ஆறேழு வருடமாக ஒரு மாத்திரை வீணானதில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. தராசு, பில் மெஷின், பிபி மெஷின், டாக்டர் கையெழுத்தைப் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. ரிஸ்வானா வீட்டுக்குப் பொரி கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 26, வியாழன்

வைட்டல் சைன்ஸ். நாடி, மூச்சு, உடம்புச் சூடு, பிபி. ஒருவருக்கு ஒருவர் பார்க்க வேண்டும். நான் ரிஸ்வானாவுக்குப் பார்த்தேன், 110க்கு 70. அவள் எனக்குப் பார்த்தாள். 172க்கு 108 என்றாள். மறுபடி பார் என்றேன். 174க்கு 108.

படியேறி வந்த உடனே பார்த்தால் அப்படித்தான் காட்டும் என்றேன். ஏறி முக்கால் மணி நேரம் ஆச்சுக்கா என்றாள். அப்படியானால் காலேஜ் மெஷின் பழசு.

அக்டோபர் 27, வெள்ளி

கடை மெஷினில் பார்த்தேன். இதுவும் பழசு. பேட்டரி போட்டு நாளாகிறது.

அக்டோபர் 28, சனி

மொத்தக் கடையில் இருந்து புது மெஷின் வரவழைத்தேன். அதுவும் சரியில்லை.

நவம்பர் 3, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். டைரியில் பொய் சொல்லி யாரை ஏமாற்றுவது?

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சின்னமாயன் மத்தியானம் வந்தான். வழக்கமானது என்றான். அவனுக்கு வழக்கமானது என்றால் நாலு டைக்ளோ, வலி மாத்திரை. முதுகுக்கு. என் கை பாதி வழி போய்விட்டது. ரிஸ்வானா இருந்ததால், இவனை விசாரித்துப் பழகு என்று விட்டேன். பயப்படாமல் பேசு என்று கண்ணைக் காட்டினேன்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டச் சொன்னாள். வெளுத்துக் கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை. தினமும் வருகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

"உங்கள் மலத்தின் நிறத்தில் மாற்றம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டாள் பாருங்கள், சின்னமாயன் என் பக்கம் திரும்பினான்.

"என்னக்கா இந்தப் புள்ள என்னமோ ரேடியோவுல பேசுற மாதிரி பேசுது."

"வெளிய போறது கருப்பா, தார் மாதிரி போகுதான்னு கேக்குது மாயா," என்றேன்.

அவன் கையில் இருந்த மூட்டைக் கொக்கியைக் கல்லாவின் மேல் வைத்தான். ஒரு வாரமா அப்படித்தான் என்றான். தலையும் சுத்துது என்றான். ரிஸ்வானா இந்தத் தடவை மெதுவாக, நான் பேசுகிற மாதிரியே கேட்டாள். "இந்த மாத்திர எத்தன நாளா சாப்பிடுறீங்கண்ணே?"

"இவுகதான குடுக்குறாக," என்று என்னைக் காட்டினான். "ஏழு வருசமா."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கடையைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான்.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். வயிற்றில் புண், ரத்தம் கசிகிறது, இனி வலி மாத்திரை தொடக்கூடாது என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைத்துக்கொள்வான்.

நான் கொடுக்காவிட்டால் எதிர்க் கடையில் வாங்கியிருப்பான். இந்த வரியை மூன்று தடவை எழுதி இரண்டு தடவை அடித்திருக்கிறேன்.

நவம்பர் 4, சனி

டைக்ளோ பெட்டிகளைக் கீழ்த்தட்டில் இருந்து மேல்தட்டுக்கு மாற்றினேன். கீழே தூசி அதிகம். இனி எடுக்க ஸ்டூல் போட வேண்டும்.

டின் கல்லாவுக்கு அடியில்தான் இருக்கிறது.

நவம்பர் 8, புதன்

வரதன் சார் மருமகனோடு வந்தார். பையன் அளவு டேப்பை இழுத்து ரேக்குக்கு ரேக் அளந்தான். ஏசி எங்கே வைக்கலாம் என்று என் தலைக்கு மேலே கை காட்டினான். நான் வாடிக்கையாளர் இரண்டு பேரை அனுப்பிவிட்டுத்தான் பேசினேன்.

"தம்பி, டேப்ப இருபத்தொம்பதாந்தேதிக்கு அப்புறம் கொண்டாங்க."

"இல்லங்க, சும்மா ஒரு ஐடியாவுக்கு..."

"ஐடியாவ வீட்ல வச்சு அளங்க."

வரதன் சார் சிரித்தார். டிஸ்ப்னியான்னா என்ன ரத்தினம், இப்பவாவது தெரியுமா என்றார். மூச்சு விடச் சிரமம் சார், படுத்தால் வருகிறதா, நடந்தால் வருகிறதா, எத்தனை தலையணை வைத்தால் தூங்க முடிகிறது என்று கேட்க வேண்டும், டாக்கிகார்டியா என்றால் நாடி நூறுக்கு மேலே, பிரேடிகார்டியா என்றால் அறுபதுக்குக் கீழே என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. பேசிய வேகம்.

பரவாயில்லையே என்றார் அவர். மருமகன் டேப்பைச் சுருட்டிக்கொண்டான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கடை அரை நாள் திறந்தேன். வயிற்று மருந்தும் தீக்காயக் களிம்பும் போயின. ரிஸ்வானாவும் வந்தாள், ஆறு பேரை விசாரித்தாள். ஒரு பாட்டியம்மாளிடம், "காலையில எந்திரிச்சதும் வாய் கசக்குதா, இல்ல பலகாரம் தின்னதுக்கப்புறமா?" என்று கேட்டாள். நான் பெருமைப்பட்டேன், வெளியே காட்டவில்லை. அவளுக்கு இனி நான் சொல்லித்தர அதிகமில்லை.

இப்போதெல்லாம் சாய்வு நாற்காலியில் தூங்குவது வசதியாக இருக்கிறது. கட்டில் பஞ்சு அமுங்கிவிட்டது.

நவம்பர் 16, வியாழன்

வகுப்பு முடிந்து கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இன்று முழு விசாரணை ஒன்று செய்து பார்ப்போம் என்றாள் ரிஸ்வானா. அவள் மருந்தாளுநர், நான் நோயாளி. என்ன நோய் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க வேண்டாம்க்கா, நீங்க நீங்களாவே இருங்க என்றாள்.

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "செருப்ப எப்பக்கா மாத்துனீங்க?"

வீக்கம் இருக்கிறதா என்று கேட்டால் யாரும் இல்லை என்பார்கள், செருப்பைக் கேள், மோதிரத்தைக் கேள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அக்டோபரில் என்றேன். தலகாணி எத்தனை என்றாள். நாற்காலி என்றேன். எதையோ எழுதினாள். படி ஏறும்போது ரெண்டாவது மாடியில போர்டு படிக்கிறீங்களே, அதுல என்ன போட்டிருக்கு என்றாள். காலை நீட்டச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, பத்து எண்ணி எடுத்தாள். குழி விழுந்தது. இரண்டு பேரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிதானமாகத்தான் நிரம்பியது.

பிறகு கடைசிக் கேள்வி.

"சீட்டு இல்லாம மருந்து எதாச்சும் சாப்பிடுறீங்களாக்கா?"

"ஒன்னுமில்ல."

"கைல என்ன?"

அப்போதுதான் பார்த்தேன். மணி நாலரை. கை தானாக டின்னைத் திறந்து இரண்டு மாத்திரையைப் பிரித்து வைத்திருக்கிறது.

"இது கடைச் சரக்குடி. வெட்டுன அட்ட."

"கடைச் சரக்குன்னா மருந்து இல்லியா?"

"மருந்துன்னா டாக்டர் எழுதறது. இது வீணாப் போறது."

அவள் டின்னை எடுத்துக் கல்லாவின் மேல் கவிழ்த்தாள். நூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் டைக்ளோ. அவள் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"சின்னமாயண்ணன் ஏழு வருசம். நீங்க எத்தன?"

கடையை விட்டுப் போ என்றேன். போய்விட்டாள். போகிறபோது விசாரணைத் தாளை வைத்துவிட்டுப் போனாள். மேலே சீஃப் கம்ப்ளெய்ண்ட் என்று போட்டு, சட்டப்படி நோயாளியின் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறாள்: 'எனக்கு ஒன்னுமில்ல.'

நவம்பர் 17, வெள்ளி

வியாபாரம் சுமார். ரிஸ்வானா வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

நவம்பர் 18, சனி

டின் காலி. எங்கே போட்டேன் என்று எழுத வேண்டியதில்லை. முழங்கால் உயிரை வாங்குகிறது. வெந்நீர் ஒத்தடம். ரேக்கின் மேல்தட்டைப் பார்க்காமல் இருப்பதற்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

நவம்பர் 19, ஞாயிறு

சைக்கிள் கடைக்குப் போய் நின்றேன். அவளுடைய அத்தா உட்காரச் சொன்னார். ரிஸ்வானா வந்தாள். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றேன். தெரியும் என்றாள். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட வருகிறாயா என்றேன். அதற்கு மேல் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சர்பத் கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் டாக்டரிடம் போகமாட்டேன். அவர் எழுதும் சீட்டு என் கடைக்குத்தான் வருகிறது. என் சீட்டை நானே படிக்க வேண்டும்.

நவம்பர் 20, திங்கள்

டாக்டரம்மா என்ன தொழில் என்று கேட்டார். காய்கறி வியாபாரம் என்றேன். மெடிக்கல் கடை வைத்திருக்கிறார் டாக்டர் என்றாள் ரிஸ்வானா. இப்படி ஒருத்தியைக் கூட்டிப்போயிருக்கக் கூடாது.

ரத்தம், சிறுநீர், இதயப் படம் எல்லாம் பார்த்தார்கள். இதயம் பரவாயில்லையாம். கிரியேட்டினின் 1.9, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. வருடக்கணக்கில் வலி மாத்திரை தின்றதில் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, பிபி ஏறியிருக்கிறது, தண்ணீர் கட்டியிருக்கிறது. நிறுத்தினால் கொஞ்சம் திரும்பும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இன்னும் ஒரு வருடம் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதையும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கச் சொன்னார். இருபத்தொன்பது வரை முடியாது என்றேன். உடம்பு முக்கியமா தேர்வு முக்கியமா என்றார். கடை போனால் இந்த உடம்பை எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். பேரம் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் படுக்கை வேண்டாம். அதற்குப் பதில் இன்றிலிருந்து வலி மாத்திரை அறவே இல்லை, உப்பு பாதி, பிபி மாத்திரை ஒன்று, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூச்சு கூடினாலோ சிறுநீர் குறைந்தாலோ அந்த நிமிடமே வந்து படுக்க வேண்டும். உப்பில் இன்னும் கொஞ்சம் இறங்குவாரா என்று பார்த்தேன். இறங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ரிஸ்வானா என்னிடம் ப்ரோக்னோசிஸ் என்றால் என்ன என்று கேட்டாள். இனி எப்படிப் போகும் என்று சொல்வது என்றேன். சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 25, சனி

வலி. உப்பில்லாத ரசம். படிப்பு. செருப்பு கொஞ்சம் தளர்கிறது.

நவம்பர் 29, புதன்

அதே தேர்வாளர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். இருமல் மருந்து அம்மாவா என்றார். ஆமாம் சார் என்றேன்.

அவரே நோயாளியாக உட்கார்ந்தார். கையில் கேஸ் அட்டை, எனக்குத் தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தார். வயிறு எரியுதும்மா, ஏதாவது மாத்திரை கொடு என்றார். ஓமிப்ரசோல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எப்போதிருந்து என்றேன். எங்கே எரிகிறது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, இரவில் எழுப்புகிறதா, வெளியே போவது என்ன நிறம், முன்பு இப்படி வந்ததுண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா. கடைசி விரலுக்கு வந்தேன்.

"வேற மருந்து சாப்பிடுறீங்களாய்யா?"

"இல்லம்மா."

"டாக்டர் எழுதுனத நான் கேக்கல. கடைல நீங்களா கேட்டு வாங்குனது, வீட்ல மிச்சம் கெடந்தது, அடுத்தவங்க குடுத்தது, வீணாப் போகக்கூடாதுன்னு வாயில போட்டது. மருந்துன்னு நீங்க நெனைக்காதது எதாச்சும்?"

அவர் அட்டையைத் திருப்பி மேஜையில் வைத்தார். மனைவிக்கு எழுதிய மூட்டுவலி மாத்திரையை எட்டு மாதமாக இவரும் போட்டுக்கொள்கிறார் என்று கடைசி வரியில் இருந்தது. காலையில் இருந்து மற்ற காலேஜ்காரர்கள் பதினோரு பேர், வேறு மருந்து உண்டா என்று கேட்டு, தான் இல்லை என்றதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள் என்றார்.

அப்புறம் பழைய கேள்வியைக் கேட்டார். பிட்டிங் எடிமா.

வாயால் சொல்லியிருக்கலாம். வார்த்தை தெரியும். செருப்பைக் கழற்றி, புடவையை ஒரு சாண் தூக்கி, காலை முன்னால் வைத்து, கட்டைவிரலால் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்தேன். போன வாரம் இருந்த ஆழம் இன்று இல்லை, ஆனாலும் குழி தெரிந்தது.

"இதுதான் சார். அழுத்துன எடத்துல குழி நிக்கும். இது சைன். செருப்பு பத்தலன்னு நான் சொல்றது சிம்ப்டம்."

மேடம் எழுந்து வந்து பார்த்தார். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். காட்டியாயிற்று, மார்க்கைப் போடுங்கள் என்றேன்.

ரிஸ்வானா எனக்கு அடுத்து உள்ளே போனாள். கதவுக்கு வெளியே வரை அவள் குரல் கேட்டது. சந்தையில் பேசுகிற மாதிரி.

டிசம்பர் 18, திங்கள்

பாஸ். இரண்டு பேரும். அவளுக்கு என்னைவிட நாலு மார்க் அதிகம்.

கிரியேட்டினின் 1.5. டாக்டரம்மா இதோடு நிற்கலாம், இன்னும் இறங்கலாம் என்றார். சின்னமாயன் வேலைக்கு வந்துவிட்டான். கடைக்கு வந்து, வழக்கமானது என்று சொல்லாமல் நின்றான். முதுகுக்கு என்ன செய்யலாம் என்று அரை மணி நேரம் விசாரித்து, அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். விற்பனை ஒன்றுமில்லை.

டிசம்பர் 20, புதன்

வரதன் சார் வந்தார். மருமகன் வேறு இடம் பார்த்துக்கொண்டானாம். சொன்ன சொல் மாறவில்லை, சான்றிதழ் உன் பேர் பதிவாகும் வரை தொங்கட்டும் என்று காபியை எடுத்தார். நான் அவர் கையில் இருந்த தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். சான்றிதழ் மட்டும் தொங்குவதென்றால் எனக்கு வேண்டாம் என்றேன். ஆள் வேண்டும்.

"என்ன ரத்தினம், ஜெயிச்சவ நீ. இப்ப போய் சட்டம் பேசுற?"

"ஜெயிச்சதாலதான் சார் பேசுறேன்."

ரிஸ்வானாவை உட்காரவைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினோம். முடிவான விதிகள் இவை, மூன்று பேரும் கையெழுத்து. பயிற்சி முடிந்து என் பெயர் பதிவாகும் வரை, வரதன் சார் காலை பத்து முதல் ஒன்று, மாலை ஐந்து முதல் ஒன்பது கடையில் உட்கார வேண்டும். அவர் இருக்கும் ஏழு மணி நேரம்தான் கடை திறந்திருக்கும், மற்ற நேரம் ஷட்டர் கீழே. அதற்குச் சம்பளம் இப்போது கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. வலி மாத்திரை சீட்டு இல்லாமல் யாருக்கும் இல்லை, சீட்டு இருந்தாலும் விசாரித்த பிறகுதான். ரிஸ்வானா ஞாயிறும் விடுமுறை நாளும் வருவாள், ஞாயிறுதோறும் எனக்கு பிபி பார்த்து அந்த எண்ணை நான் மறைக்க முடியாதபடி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுவாள். வெட்டிய அட்டையில் மீதியானது மாதக் கடைசியில் அழிக்கப்படும். கடைசி விதியை ரிஸ்வானா சேர்த்தாள், நான் அரை மணி நேரம் எதிர்த்துப் பார்த்தேன், அவள் இறங்கவில்லை: நாகரத்தினம் தன் கடையில் இருந்து தன் வாயில் போட்டுக்கொள்ளும் எந்த மாத்திரைக்கும் டாக்டர் சீட்டு வேண்டும், பில் வேண்டும், அச்சிட்ட முழு விலை, தள்ளுபடி கிடையாது.